மூன்று அம்புகளும் முப்பத்தொரு கிணறுகளும்

இடி வெட்டியதும் அப்பா பிளக்கை உருவி அக்காளின் பிராஜெக்ட்டைக் கொன்றுவிட்டார் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் இரண்டு பிள்ளைகளும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள் மக்களே, எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று இளையவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், மூத்தவள் தனுவச்சபுரத்தில் கல்லூரியில் இருந்தாள். அந்த அறையில் நடந்ததை முழுக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்ததெல்லாம் எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன். விளங்காததை விளங்காதபடியே எழுதிவைக்கிறேன். உங்களுக்கு விளங்கினால் எனக்குச் சொல்லுங்கள்.

என் படிப்பு உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழில். மிச்சம் இரண்டு வருடம் பாறசாலையில் மலையாளத்தில். அதற்குப் பிறகு கிணறுதான். கிணறு வெட்டுவேன், சிமெண்ட் வளைய உறை இறக்குவேன், கோடை வந்தால் சேறு அள்ளிச் சுத்தம் செய்வேன். மழைக்காலத்தில் எனக்கு வேலை கிடையாது, வீட்டில் இருப்பேன்.

கிணற்று வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என் குழப்பம் உங்களுக்குப் பிடிபடாது. கீழே இறங்கினவன் ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுப்பான். மேலே கயிறு பிடிக்கிறவன் ஒவ்வொரு குரலுக்கும் ‘ஓ’ என்று பதில் சொல்ல வேண்டும். கூடை நிரம்பிற்று என்றால் ஓ. இழு என்றால் ஓ. கல் ஆடுகிறது, ஒதுங்கி நில் என்றால் ஓ. பதில் வரவில்லை என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாக வேண்டும். மேலே ஆள் மயங்கியிருக்கலாம், கீழே காற்று கெட்டிருக்கலாம். பேச்சு நின்றால் ஆபத்து. இருபத்தைந்து வருடமாக இது என் காதில் ஊறிப்போன விஷயம்.

போன ஓணம் விடுமுறையில்தான் மூத்தவள் எனக்கு அந்தக் கறுப்புத் திரையை முதலில் காட்டினாள். லேப்டாப், உங்கள் அம்மாவின் தம்பி வளைகுடாவிலிருந்து வந்தபோது தந்த பழையது. அதன் பேட்டரி செத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. பிளக்கில் இருந்தால் உயிர் இருக்கும், உருவினால் அந்த நிமிடமே அணைந்துவிடும்.

“அப்பா, இஞ்ச வாங்க. இதுக்கிட்ட கணக்கு கேளுங்க, சொல்லும்” என்றாள்.

“எந்தக் கணக்கு?”

“எந்தக் கணக்குன்னாலும்.”

திரையில் மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. அதற்குக் கீழே, வலது பக்கம் பார்த்து மூன்று அம்பு முனைகள், >>> என்று. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. பைத்தான் என்ற மொழியில் அதனோடு பேசலாம், நாம் ஒரு வரி சொன்னால் அது ஒரு வரி பதில் சொல்லும் என்று விளக்கினாள். நான் ஒற்றை விரலால் 2+3 என்று அடித்தேன். அடுத்த வரியில் 5 என்று வந்தது. மறுபடி மூன்று அம்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்டால் பதில் சொல்கிறது. மேலே நிற்கிற ஆள் மாதிரி.

பிறகு ஒரு கிணற்றில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று கேட்கலாம் என்றாள். அடைப்புக்குறிக்குள் போட வேண்டிய கணக்கு. நான் அடைப்பைத் திறந்தேன், எண்களை அடித்தேன், மூட மறந்தேன். என்டர் தட்டினேன். அம்பு வரவில்லை. அம்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளி வந்தது. சரி, யோசிக்கிறது போலும் என்று நினைத்தேன். கஷ்டமான கணக்குத்தானே. அடுக்களைக்குப் போய்ச் சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் மூன்று புள்ளி.

“இன்னும் யோசிச்சிட்டு இருக்கு மக்களே.”

அவள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அது யோசிக்கல்லப்பா. நீங்க சொல்லி முடிக்கதுக்காக்கும் காத்திட்டு இருக்கு. அடைப்ப மூடுங்க.”

மூடினேன். விடை உடனே வந்தது. கால் மணி நேரமாக நான் அதற்காகக் காத்திருந்தேன், அது எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நூலில் பத்து சென்டிமீட்டரும் இருபது சென்டிமீட்டரும் சேர்த்தால் என்ன என்று, சும்மா, 0.1+0.2 என்று கேட்டேன். பாயின்ட் மூன்று என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டியதுதானே? பாயின்ட் மூன்று, அதற்குப் பின்னால் நீளமாகப் பூஜ்ஜியங்கள், கடைசியில் ஒரு நாலு. அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “அது அப்படித்தாம்ப்பா, உள்ள வேற மாதிரி எழுதி வச்சிருக்கும்” என்றாள். வேறு எந்த மாதிரி என்று கேட்டேன். “கம்ப்யூட்டருக்க சுபாவம்” என்று முடித்துவிட்டாள். மேல் பக்கம் பார்க்கிற அம்புச் சாவியைத் தட்டினால் முன்பு அடித்த வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்றும் காட்டித் தந்தாள். கடைசியில் exit() என்று அடித்து மூடினாள். அது எனக்கு நினைவில் நின்றது, ஏனென்றால் வேலை முடிந்து கயிற்றைச் சுருட்டுவது மாதிரி இருந்தது.

இனி கிணறுகளுக்கு வருகிறேன்.

நம் ஊரான காரோட்டில் கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற கிணறுகளிலும் தூரத்தில் இருக்கிற கிணறுகளிலும் கோடையில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கணக்கெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதுதான் மூத்தவளின் பிராஜெக்ட். கோடையில் அவளுக்குப் பரீட்சை. அதனால் அளக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கோடையில் நான் சேறு அள்ளப் போன வீடுகள், கூப்பிடாமலே ஏறிப்போய்க் கேட்ட வீடுகள் என்று முப்பத்தொரு கிணறு. அவள் ஒரு நோட்டும் பேனாவும் தந்திருந்தாள். கிணற்று வேலைக்காரனுக்கு நோட்டு சரிப்படாது, கை எப்போதும் ஈரம். நாங்கள் அளக்கிற முறை வேறு. மஞ்சள் நைலான் நூலில் ஒரு கல்லைக் கட்டி இறக்குவோம். கல் தண்ணீரைத் தொட்டதும் கிணற்றின் விளிம்பில் நூலை அறுத்துவிடுவோம். அந்த நூல்தான் அளவு. அதில் ஓர் அட்டைத் துண்டைக் கட்டி, வீட்டு எண்ணையும் கால்வாய்ப் பக்கமா தூரமா என்பதையும் எழுதுவேன். முப்பத்தொரு நூலும் கொல்லைப்புறச் சாய்ப்பில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. மேட மாதம் கழிந்து, ஜூன் மாத இடவப்பாதி மழை கழிந்து, ஓணமும் கழிந்தது. ஐப்பசியில் துலாம் மாத மழை தொடங்கிய பிறகுதான் மூத்தவளுக்கு அதன் ஞாபகம் வந்தது. அப்போது ரிப்போர்ட் கொடுக்க மூன்று நாள் இருந்தது. புதன்கிழமை கடைசி நாள். அதற்குள் கொடுக்காவிட்டால் மார்க் இல்லை, அந்தப் பாடத்தை மறு வருடம் எழுத வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தோம். நான் நூலை டேப்பில் வைத்துப் பிடித்து அளவு சொல்வேன், அவள் அடிப்பாள். அவள் முதலில் வேறொரு வெள்ளைத் திரையைத் திறந்தாள். அதில் எழுதி ஃபைலாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். நான்தான் கெடுத்தேன்.

“அன்னைக்கு ஒண்ணு காட்டினியே, பதில் சொல்லுமே, அதுல போடு மக்களே.”

“அதுல போட்டா பின்ன ஃபைல்ல எழுதணும்ப்பா, ரெண்டு வேலை.”

“பின்ன எழுதிக்கலாம். இது சும்மா வாய மூடிட்டு இருக்கு. சரியா வாங்கிச்சா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?”

அவள் எனக்காகத்தான் கறுப்புத் திரையைத் திறந்தாள். கிணறு என்பதை ஆங்கில எழுத்தில் kinaru என்று ஒரு பெயர் வைத்து, ஒன்றாம் கிணறு ஆறு பாயின்ட் நாலு என்று அடித்தாள். என்டர் தட்டினாள்.

பதில் இல்லை. மூன்று அம்பு மட்டும் வந்து நின்றது.

“என்னவாக்கும், ஒண்ணும் மிண்ட மாட்டேங்குது?”

“வாங்கிக்கிட்டுப்பா.”

“வாங்கினா சொல்லாண்டாமா?”

“தப்புன்னா சொல்லும். சரின்னா சும்மா இருக்கும். இது கேள்வி இல்லியே, சொல்லி வைக்கதுதானே.”

இரண்டாம் கிணறு, மூன்றாம் கிணறு. ஒவ்வொன்றுக்கும் அதே மௌனம். எனக்கு உள்ளே ஒரு மாதிரி இருந்தது. ஒவ்வொரு கிணற்றையும் ஒரு குழிக்குள் இறக்கிவிட்டு கீழேயிருந்து ஒரு குரலும் வராமல் நிற்கிறது போல. என் தொல்லை தாங்காமல், பத்துக் கிணறு முடிந்ததும் அவள் kinaru என்று மட்டும் அடித்துக் காட்டினாள். பத்தும் வரிசையாக வந்தன. “கண்டீங்களா? மதியா?” என்றாள். மதி, போதும் என்று ஒத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்றும் முடிந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கால்வாய்ப் பக்கத்துக் கிணறுகளின் சராசரி, தூரத்துக் கிணறுகளின் சராசரி என்று கேட்டாள், இரண்டு எண்ணும் டக்கென்று வந்தன. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வித்தியாசம். அது எனக்கு முன்பே தெரியும், உறையை எண்ணியே சொல்லியிருப்பேன். ஆனாலும் திரையில் பார்த்தபோது என் கோடை வேலைக்கு யாரோ ரசீது தந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பஸ்சுக்கு ஓடும்போது படியில் நின்றுகொண்டு சொன்னாள். “அப்பா, அந்தக் கறுப்புத் திரைய மட்டும் மூடிராதீங்க. ஃபைல்ல எழுதல்ல. சாயங்காலம் வந்து எழுதுவேன். அது இப்பம் மனசுலதான் வச்சிருக்கு.”

“யாருக்க மனசுல?”

“அதுக்க மனசுல. மூடினா போச்சு.”

மூடக் கூடாது. அவ்வளவுதானே. அதை நான் எடுத்துக்கொண்ட மாதிரி யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். மேசை துடைக்க வந்த அம்மாவை அந்தப் பக்கமே விடவில்லை. பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். எலிபோல் இருக்கிற அந்தச் சாதனத்தின் மேல் யார் கையும் பட்டுவிடக் கூடாது என்று ஒரு சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, இனி எல்லாம் அதன் மனதில் இருக்கிறதே என்ற தைரியத்தில், நூல்களை எடுத்துக்கொண்டு பாவக்காய்ப் பந்தலுக்குப் போனேன். பந்தல் மழையில் சாய்ந்துகொண்டிருந்தது. ஏழு மீட்டர், எட்டு மீட்டர் நல்ல நைலான் நூல் சாய்ப்பில் சும்மா தொங்குவானேன்? கொடி ஏறுவதற்கு நீள நீளமாக இழுத்துக் கட்டினேன். நாலு நூலை அரிவாளால் சிறு துண்டுகளாக அறுத்து, தண்டுகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். அந்த நாலு அட்டையும் எங்கோ சேற்றில் விழுந்தன.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். இரண்டு மணிக்குச் செங்கல் ஊர்ப் பக்கமாக வானம் இருண்டு முதல் இடி வெட்டியது.

துலாம் மாத இடி வெட்டினால் நம் வீடுகளில் என்ன செய்வோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடிப்போய் எல்லாப் பிளக்கையும் உருவுவோம். இடிக்கு டிவியைப் பறிகொடுக்காத வீடு இந்த வட்டாரத்தில் குறைவு. நான் பாயிலிருந்து எழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி. பிறகு மேசைக்கு வந்தேன். கிண்ணம் கவிழ்ந்தபடியே இருந்தது. திரையில் யாரும் கை வைக்கவில்லை. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே குனிந்து, அந்தப் பிளக்கையும் உருவினேன்.

நிமிர்ந்தபோது திரை கறுப்பாக இருந்தது. முன்பும் கறுப்புத்தானே என்று ஒரு கணம் நின்றேன். அம்புகளைக் காணவில்லை.

“லேப்டாப்பையும் உருவியாச்சா?” என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“ஓ” என்றேன். வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

ஆனாலும் நான் மூடவில்லையே. அவள் மூடாதே என்றுதான் சொன்னாள். நான் கறண்டை மட்டும்தானே எடுத்தேன். ஆள் தூங்கிப்போயிருக்கிறது, எழுப்பினால் எழும்பும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடி கொஞ்சம் தள்ளிப்போனதும் பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. படங்கள் வந்தன. அவள் தட்டுகிற சின்னத்தைத் தட்டினேன். கறுப்புத் திரை திறந்தது. மேலே அதே இரண்டு வரி. கீழே அதே மூன்று அம்பு. கோடு அதேபோல் மின்னியது.

“இருக்கு! இருக்கு!” என்று கத்தினேன்.

அம்மா கரண்டியோடு வந்து பார்த்தாள். “பிள்ளைக்கக் கிணறெல்லாம் இருக்கா?”

“இரு, கேட்டுப் பாக்கேன்.”

kinaru என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்து என்டர் தட்டினேன். ஞாயிறு முழுக்க மிண்டாமல் இருந்த அது, இப்போது நாலைந்து வரி பேசியது. கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். name 'kinaru' is not defined. அப்படி ஒரு பெயரே தனக்குத் தெரியாதாம்.

“என்னவாக்கும் சொல்லுது?”

“கிணறுன்னா என்னன்னு கேக்குது.”

“நேத்து முழுக்க அதையல்லியா ரெண்டுபேரும் போட்டிய?”

“அதைத்தானே நானும் சொல்லுதேன்.”

மறுபடி அடித்தேன். மறுபடி அதே பதில். எழுத்து தவறியிருக்கும் என்று நினைத்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்து அடித்தேன். அதே பதில். அதே திரை, அதே அம்பு, அதே மின்னும் கோடு, ஆனால் ஆள் வேறு. நமக்கு நன்றாகத் தெரிந்த வீட்டின் கதவைத் தட்டினால் தெரியாத ஒருவர் வந்து யார் நீங்கள் என்று கேட்கிறது போல் இருந்தது. அதுவும் மரியாதையாகத்தான் கேட்கிறது, அதுதான் இன்னும் கஷ்டம்.

அப்போது மேல் அம்புச் சாவி ஞாபகம் வந்தது. தட்டினேன். நான் இப்போது அடித்த kinaru வந்தது. இன்னும் தட்டினேன், அதுவே வந்தது. இன்னும் தட்டினேன். exit() என்று வந்தது. அதற்கும் மேலே போனேன். 0.1+0.2 வந்தது. அதற்கு மேலே அந்த லிட்டர் கணக்கு, அதற்கும் மேலே 2+3.

மக்களே, அன்றைய குழப்பத்தில் இதுதான் பெரிய குழப்பம். ஓணத்துக்கு நான் விளையாட்டாகக் கேட்டது அதற்கு நினைவிருக்கிறது. நேற்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொன்ன முப்பத்தொரு கிணறு நினைவில்லை. சும்மா கேட்டதை வைத்துக்கொண்டு காரியத்தை விட்டுவிட்டதே. இது என்ன மனசு?

மூத்தவளை அழைத்தேன். வகுப்பில் இருந்தாள், போன் அணைந்திருந்தது. மணி மூன்று. அவள் பஸ் வந்து இறங்க ஐந்தாகும். அம்மா சொன்னாள், “ஒரு நட போயி மறுபடியும் அளந்துட்டு வந்தா என்ன?”

“இப்பமா? துலாமழைல கிணறெல்லாம் நெறஞ்சு கெடக்கு. கையால கோரி எடுக்கலாம். அவளுக்கு வேண்டியது கோடைக்க அளவாக்கும்.”

சொல்லிவிட்டுத்தான் நூலை நினைத்தேன். கோடையின் அளவு பந்தலில் இருக்கிறது.

மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தூரத்தில் இடியும் இருந்தது. தலையில் ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். நனைந்த நைலான் முடிச்சு லேசில் அவிழாது, தெரியுமா? அறுத்தால் அளவு போச்சு. நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்தேன். பின்னாலேயே அம்மா குடையோடு வந்தாள்.

“இடி வெட்டும்போ பந்தல்ல நின்னு என்னத்த அவுக்கிய? கம்பிப் பந்தலாக்கும்!”

“கிணற அவுக்கேன்.”

“பிராந்து பிடிச்சிட்டா உங்களுக்கு?”

“அட்டை நனையாம பிடி. எழுத்து அழிஞ்சா ஒண்ணுக்கும் ஆகாது.”

என்ன ஏது என்று புரிந்ததோ இல்லையோ, குடையை என் தலைக்குப் பிடிக்காமல் அட்டைகளுக்குப் பிடித்தாள். ஒவ்வொரு நூலாக அவிழ்த்து அவளிடம் தந்தேன், அவள் தோளில் போட்டுக்கொண்டாள். பாவக்காய்க் கொடி பாதி தரையில் விழுந்துவிட்டது. எண்ணினோம். இருபத்தேழு. மிச்சம் நாலு, துண்டு துண்டாகத் தண்டுகளில் கிடந்தன. துண்டுகளைச் சேர்த்து வைத்தாலும் எது எந்தக் கிணற்றினுடையது என்று யார் சொல்வது? எல்லாம் ஒரே மஞ்சள்.

ஐந்தரைக்கு மூத்தவள் நனைந்துகொண்டு வந்தாள். வாசலில் நான் நின்ற நிலையைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என்னப்பா?”

“இடி வெட்டிச்சு மக்களே.”

அவள் உள்ளே போய்த் திரையைப் பார்த்தாள். நான் வரிசையாக அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அதில் அப்படியே கிடந்தது. பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மிண்டாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம், கிணற்றுக்குள் இருபது உறைக்குக் கீழே நிற்கிறபோது மேலே குரல் நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு.

“திட்டணும்னா திட்டு” என்றேன்.

“யாரத் திட்ட? ஞாயித்துக்கிழமையே எழுதி வச்சிருக்கணும். சோம்பலா இருந்துட்டது நானாக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “புதன்கிழமைக்கு இனி என்னத்தக் கொண்டு கொடுப்பேன்?”

அம்மா அறைக்கதவில் நின்றாள். தோளில் இருபத்தேழு நூலும் ஈரம் சொட்டத் தொங்கின. மூத்தவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் முட்டியில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள்.

“அவுத்துக் கொண்டாந்தீங்களா?”

“நாலு போச்சு.”

அவள் எழுந்து நூல்களை வாங்கி நாற்காலி முதுகில் போட்டாள். டேப்பை எடுத்து என் கையில் தந்தாள். இந்த முறை அவள் திறந்தது வெள்ளைத் திரை. நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நூலாக அளந்து சொன்னேன், அவள் எழுதினாள். ஐந்துக்கு ஒரு முறை இரண்டு சாவியைச் சேர்த்து அழுத்தினாள். அப்படி அழுத்தினால் ஃபைலில் பதிந்துவிடும், கறண்டு போனாலும் இருக்கும் என்றாள். அதுவும் அழுத்தும்போது ஒன்றும் பேசவில்லை.

கடைசியில் அந்த நாலு வந்தது.

“எழுது. பதினாறாம் கிணறு ஏழு பாயின்ட் ரெண்டு. கால்வாய்க்குத் தூரம்.”

“நூல் எங்க?”

“நூல் வேண்டாம், எனக்கு ஓர்ம உண்டு, மறக்கல்ல. பத்தொன்பதாம் உறைக்க மேல்விளிம்புல தண்ணி நின்னுது, உறை ஒண்ணு நாப்பது சென்டிமீட்டர். நான் எறங்கின கிணறாக்கும்.”

“உங்களுக்கு ஓர்ம உண்டுப்பா, நான் நம்புதேன். ஆனா எப்படி அளந்தன்னு டீச்சர் கேட்டா, அப்பாவுக்கு ஓர்ம உண்டுன்னு சொல்ல முடியுமா?”

“அந்த இயந்திரம் பாயின்ட் மூணுக்குக் கடைசியில எங்கிருந்தோ ஒரு நால கொண்டு வச்சுது. அத நம்புவிய. நான் எறங்கி நின்ன கிணற நம்ப மாட்டிய.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தில் சிரிப்பு. ஆனாலும் எழுதவில்லை. அந்த நாலு கிணற்றின் எதிரிலும் None என்று எழுதினாள். ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். பூஜ்ஜியம் இல்லை. பூஜ்ஜியம் போட்டால் தண்ணீர் விளிம்பு வரை நின்றது என்று ஆகிவிடும். கிணறு உண்டு, அளந்தோம், அளவு கையில் இல்லை. அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏழு பாயின்ட் இரண்டு என்று எனக்குத் தெரிந்த ஒன்றை ஒன்றுமில்லை என்று எழுதிப் பார்ப்பது கஷ்டமாகவும் இருந்தது.

“நேத்துப் போட்டதெல்லாம் எங்க மக்களே போச்சு?” என்று கேட்டேன்.

“எங்கயும் போகல்லப்பா. இல்லாம ஆச்சு.”

“ஓணத்துக்குப் போட்டது இருக்கே?”

“அன்னைக்கு முறையா exit சொல்லி மூடினோம். மூடும்போதாக்கும் அது அடிச்ச வரியெல்லாம் ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். இன்னைக்கு மூட நேரம் கிடைக்கல்லியே.”

இது எனக்கு இன்றும் சரியாக விளங்கவில்லை. காலையில் மூடினால் போச்சு என்றாள். மாலையில் மூடியிருந்தால் இருந்திருக்கும் என்கிறாள். கேட்டால், அடித்த வரி வேறு, மனதில் வைத்திருப்பது வேறு என்கிறாள். கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்தால் அது தொட்டிக்கோ தோட்டத்துக்கோ போகும், வெயிலில் காய்ந்தாலும் மேகத்துக்குப் போகும். எங்கும் போகாமல் இல்லாமல் ஆவது எப்படி?

புதன்கிழமை இருபத்தேழு கிணற்றோடு ரிப்போர்ட் போனது. நாலு கிணற்றின் அளவு இடிமழையில் தவறிப்போயிற்று என்று ஒரு வரி அவளே அதில் சேர்த்திருந்தாள். எப்படித் தவறியது என்று ஆசிரியை கேட்டாராம். இவள் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, அளவுகள் எங்கிருந்து திரும்பக் கிடைத்தன என்று கேட்டிருக்கிறார். பாவக்காய்ப் பந்தலிலிருந்து என்றாளாம். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டார். மார்க் வந்தது. எத்தனை என்று அவளே சொல்லட்டும், நான் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து மறுபடி ஒரு மத்தியானம் இடி வெட்டியது. அவள் வெள்ளைத் திரையில் ஏதோ எழுதி, திறந்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போயிருந்தாள். டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் உருவிவிட்டு மேசைக்கு வந்தேன். இந்த முறை குனியவில்லை. அவள் காட்டித் தந்த இரண்டு சாவியையும் சேர்த்து அழுத்தினேன். திரையில் ஒன்றும் அசையவில்லை. சத்தமில்லை. சரியென்றால் சும்மா இருக்கும் என்று அவள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். நினைத்தும் கை பிளக்குக்குப் போகவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி மௌனம். வெளியே இரண்டாம் இடி வெட்டியது.

“வாங்கிச்சா?” என்று திரையைப் பார்த்து உரக்கக் கேட்டுவிட்டேன்.

“ஓ!” என்றாள் அம்மா, அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே. எதைக் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் குனிந்து பிளக்கை உருவினேன்.